முக்கோணத்தின் வரிசை: வடசென்னையிலிருந்து ஸ்ரீசக்கரத்தைப் பார்த்தல்

பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வாய்த்துவிட்டால் வடசென்னைப் பெண்கள் மூன்று அம்மன்களை ஒரே நாளில் பார்த்துவிடுவார்கள். காலையில் மீஞ்சூருக்குப் பக்கத்து மேலூரில் திருவுடையம்மன், உச்சி வேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன். மூன்று சிலைகளையும் செய்தவர் ஒரே சிற்பி என்பது கதை. மீஞ்சூரில் புறநகர் ரயில் ஏறினால் அத்திப்பட்டு, எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர் என்று அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் ஆலைச் சுவர்களுமாகக் கடந்து ஒற்றியூர் வரும். அங்கிருந்து மேற்கே திரும்பினால் கன்டெய்னர் லாரிகளோடு போட்டி போட்டுக்கொண்டு முல்லைவாயில். இந்த மூன்று அம்மன்களையும் இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்று சொல்வார்கள். விரும்புதல், அறிதல், செய்தல்.

ஸ்ரீவித்யை என்ற தேவி வழிபாட்டு மரபின் உபாசகர்களுக்கு இந்த மூன்றும் வேறோர் இடத்தில் அறிமுகமானவை. ஸ்ரீசக்கரத்தின் நடுவில், விந்து என்ற நடுப்புள்ளியைச் சுற்றி இருக்கும் ஒற்றை முக்கோணத்தின் மூன்று முனைகளுக்கும் இதே பெயர்களைச் சொல்கிறார்கள். முறையாகத் தீட்சை வாங்கி, செப்புத் தகட்டின் முன் உட்கார்ந்து, குங்குமம் இட்டு மனத்தில் நிகழ்த்த வேண்டியதை, தீட்சை பற்றிக் கேள்விப்படாத ஒரு கூட்டம் ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் நிகழ்த்திவிடுகிறது. செயற்கைக்கோள் வரைபடத்தில் மூன்று கோயில்களையும் கோடிட்டு இணைத்து, கோணம் அளந்து, ‘பார்த்தீர்களா அதிசயத்தை’ என்கிறவர்களும் உண்டு. அளவில் ஒரு அதிசயமும் இல்லை. ஏதோ ஒரு ஒழுங்கற்ற முக்கோணம்தான். கவனிக்க வேண்டியது போகிற வரிசை. முதலில் இச்சை, பிறகு ஞானம், கடைசியில் கிரியை.

ஸ்ரீசக்கரம் மனித உணர்வின் மாதிரிப் படம் என்ற கருத்து இன்று பரவலாக இருக்கிறது. தியான வகுப்புகளில், யோகப் புத்தகங்களில், மூளையின் படத்தோடு ஒட்டி வெளியாகும் காணொளிகளில் எல்லாம் அது வருகிறது. இந்தக் கருத்தில் எவ்வளவு மரபு, எவ்வளவு இருபதாம் நூற்றாண்டு, எவ்வளவு வெறும் அலங்காரம் என்று பிரித்துப் பார்ப்பதே இங்கே நோக்கம். மரபு உண்மையிலேயே அப்படியொரு உரிமை கொண்டாடுகிறது. ஆனால் அது படத்தைப் பற்றிய உரிமை இல்லை, படத்துக்குள் எந்த வரிசையில் நடப்பது என்பதைப் பற்றியது என்பது என் எண்ணம். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் காலத்தை வெளியே விட்டுவிட்டார்கள்.

முதலில் படம். மேல்நோக்கிய முக்கோணங்கள் 4, கீழ்நோக்கியவை 5. முன்னவை சிவன், பின்னவை சக்தி. இந்த ஒன்பதும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்போது 43 சிறு முக்கோணங்கள் பிறக்கின்றன: வெளியிலிருந்து உள்ளே 14, 10, 10, 8, நடுவில் 1. அவற்றைச் சுற்றி 8 இதழ், 16 இதழ், மூன்று வட்டம், மூன்று கோட்டுச் சதுரம். விந்துவையும் சேர்த்து ஒன்பது ஆவரணங்கள், அதாவது சுற்றுகள். சௌந்தர்யலஹரியின் 11ஆம் சுலோகம் இந்த வரைபடத்தைத்தான் கணக்குச் சொல்கிறது. அதில் 43 என்று ஒரு பாடம், 44 என்று ஒரு பாடம். விந்துவை எண்ணுவதா வேண்டாமா என்ற சண்டை.

வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இது கோலம் போல ஓடிவராது. மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டிய இடங்கள் பல. ஒரு கோட்டை நூலிழை நகர்த்தினால் இன்னொரு மூலையில் சந்திப்பு பிசகும். 1977இல் போல்டனும் மக்லியோடும், 1984இல் ரஷ்யரான குலாய்ச்சேவும், 1998இல் சி.எஸ். ராவும், 2002இல் பிரெஞ்சுக் கணினி அறிஞரும் சம்ஸ்கிருத ஆய்வாளருமான ஜெரார் யுவேயும் இந்த வடிவத்தைக் கணிதமாக ஆராய்ந்திருக்கிறார்கள். எல்லாச் சந்திப்புகளும் பிசகாமல் அமையும் ஸ்ரீசக்கரம் ஒன்றே ஒன்று என்று கிடையாது. நிபந்தனைகளுக்கு உட்பட்ட பல ஸ்ரீசக்கரங்கள் சாத்தியம். தங்க விகிதம் ஒளிந்திருக்கிறது, எகிப்தியப் பிரமிடின் கோணம் இருக்கிறது என்கிற பேச்சுகள் இங்கேயே அடங்கிவிடுகின்றன. எந்த ஸ்ரீசக்கரத்தில் என்று திருப்பிக் கேட்டால் போதும். ஓம் என்று உச்சரித்தால் மணல் தட்டில் ஸ்ரீசக்கரம் விழுகிறது என்ற காணொளியும் இந்த வகைதான். அதிரும் தட்டில் மணல் போடும் வடிவத்தைத் தட்டின் வடிவமும் அதிர்வின் வேகமும் தீர்மானிக்கின்றன. ஐந்து கீழும் நான்கு மேலுமாகப் பின்னிய முக்கோணங்களை எந்தத் தட்டும் போட்டுத் தரப்போவதில்லை.

ஆக, வடிவத்தில் இயற்கையின் ரகசியக் கையெழுத்து இல்லை. பிறகு எதை வைத்து இதை உணர்வின் மாதிரி என்கிறார்கள்? பாவனோபநிஷத் என்ற சின்னஞ்சிறு நூலை வைத்து. பதினெட்டாம் நூற்றாண்டில், காவிரிக்கரையில் தம் பெயராலேயே இன்று பாஸ்கரராஜபுரம் என்று வழங்கும் ஊரில் குடியேறி வாழ்ந்த பாஸ்கரராயர் இதற்கு உரை எழுதி, எப்படிச் செய்வது என்ற செய்முறையையும் தனியாக எழுதிவைத்தார். தமிழ்நாட்டு ஸ்ரீவித்யைக்கு அவருக்குப் பிறகு வேறு அதிகாரி இல்லை என்றே சொல்லலாம்.

அந்த உபநிஷத் ஒவ்வொரு ஆவரணத்தையும் உடம்பிலும் மனத்திலும் பொருத்திக்கொண்டே போகிறது. வெளிச் சதுரத்தில் காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாற்சரியம், அவற்றோடு புண்ணியமும் பாவமும். 16 இதழில் ஐம்பூதம், அறியும் பொறி ஐந்து, செய்யும் பொறி ஐந்து, கடைசியாக மனத்தின் விகாரம். 8 இதழில் பேசுதல், பிடித்தல், நடத்தல் முதலிய செயல்கள். கூடவே மூன்று மனநிலைகள்: வேண்டாம் என்று தள்ளுவது, வேண்டும் என்று எடுப்பது, எதுவானால் என்ன என்று இருப்பது. 14 முக்கோணங்களில் நாடிகள். வெளிப் பத்தில் பத்து வாயுக்கள். உள் பத்தில் செரிமான நெருப்பின் பத்து வேலைகள். அதற்கும் உள்ளே எட்டில் குளிர், வெப்பம், சுகம், துக்கம், இச்சை, மூன்று குணங்கள். அம்மனின் கையில் இருக்கும் கரும்பு வில் மனம், ஐந்து மலரம்புகள் ஐந்து புலன்விஷயங்கள், பாசம் விருப்பு, அங்குசம் வெறுப்பு.

இந்தப் பட்டியலை முதன்முறை படிக்கும்போது எனக்கு வியப்பளித்தது செரிமானம். காமத்தையும் கோபத்தையும் வெளிமதிலில் நிறுத்திவிட்டு, சோறு செரிப்பதைக் கருவறைக்கு இரண்டு அறை தள்ளி வைத்திருக்கிறார்கள். இன்றைய மனநூல் எதுவும் இப்படி அடுக்காது. மூளை உச்சியில், வயிறு கீழே என்றுதான் நமக்குப் பழக்கம். இங்கே அளவுகோல் வேறு. நான் தீர்மானித்துச் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்பவை வெளியே. என்னைக் கேட்காமல் எனக்குள் நடப்பவை உள்ளே. மூச்சு, செரிமானம், குளிர், வெப்பம் ஆகியவை கோபத்தைவிட உணர்வின் வேருக்கு நெருக்கம் என்கிறது நூல். உடம்பின் உள்நிலையை மூளை ஓயாமல் கண்காணிப்பதில்தான் ‘நான்’ என்ற உணர்வு வேர்கொள்கிறது என்று பேசுகிற நரம்பியலாளர்கள் இன்று இருக்கிறார்கள். அதற்காக ரிஷிகள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று கொடி பிடிக்க வேண்டியதில்லை. இரு தரப்பும் ஒரே கேள்வியின் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள், அவ்வளவே.

உள்ளே போகும் இந்த நடைக்கும் ஒரு நேரக்கணக்கு உண்டு. முக்கோணத்தைச் சுற்றி இருக்கும் நித்யைகள் என்ற 15 தேவியர் 15 திதிகள். பதினாறாவதாக இருப்பவள் அம்பாள். பௌர்ணமியன்று பதினைந்து கலைகளும் நிறைகின்றன. ஒரு நாளைக்கு மனிதன் விடும் மூச்சு 21,600 என்பது யோக மரபின் கணக்கு. அந்த மூச்சையே மந்திரமாகக் கொள்வது அசபை. திருவாரூர்க் கோயில் இறைவன் தியாகராஜரின் ஆட்டத்துக்கு அசபா நடனம் என்று பெயர். ஒற்றியூரிலும் தியாகராஜர் உண்டு. ஆக, படத்தில் நாளும் உண்டு, மூச்சும் உண்டு. சுவரில் மாட்டிய படத்தில் இரண்டும் விழுந்துவிடுகின்றன.

இந்தப் பட்டியலைத் தாண்டி, பாவனோபநிஷத் தன் உண்மையான வாதத்தை ஒரே வரியில் வைக்கிறது. அறிபவன், அறிவு, அறியப்படும் பொருள் என்ற மூன்றும் வேறல்ல என்று பாவிப்பதே ஸ்ரீசக்கர பூஜை என்கிறது. அறிவே அர்க்கியம், அறியப்படுவது ஆகுதி, அறிபவன் அதைச் சொரிபவன். பூஜைப் பொருள்கள் அத்தனையும் இப்படி உள்ளே போய்விடுகின்றன. புண்ணியானந்தரின் காமகலாவிலாசம் இதற்குப் பின்னால் இருக்கும் தத்துவத்தைக் கண்ணாடியை வைத்து விளக்குகிறது. ஒளி இருக்கிறது, அது கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போதுதான் தான் ஒளி என்று அறிகிறது. ஒளி பிரகாசம், அந்தத் திரும்புதல் விமர்சம். சிவனும் சக்தியும் அவைதாம். காஷ்மீரத்தில் உத்பலதேவரும் அபிநவகுப்தரும் வாதமாக நிறுவியதை ஸ்ரீவித்யை கோடுகளாக வரைந்துகொண்டது. உணர்வு வெறுமனே பொருள்களைக் காட்டும் விளக்கு மட்டும் என்றால், அது தன்னை எப்படி அறிகிறது? இன்றைய தத்துவப் புலத்தில் இன்னும் முடியாத கேள்வி இது. காமகலாவிலாசத்தின் விடை: அறிதலுக்குள்ளேயே தன்னைத் தொடுதல் அடங்கியிருக்கிறது, அதைப் பிரித்தெடுத்துப் பின்னால் சேர்க்க முடியாது.

குறையையும் சொல்ல வேண்டும். இவ்வளவு விரிவான பட்டியலில் இன்னொரு மனிதர் இல்லை. தாய் இல்லை, குழந்தை இல்லை, அண்டை வீட்டார் இல்லை. பேச்சு ஒரு பொறியின் செயலாக வருகிறது. யாரோடு பேச்சு என்பது வரவில்லை. இது தனியாக உட்கார்ந்திருக்கும் ஓர் உடம்பின் உணர்வு. மனிதக் குழந்தை பிறர் முகத்தைப் பார்த்துத்தான் தன்னை அறிகிறது என்று எடுத்துக்கொண்டால், ஸ்ரீசக்கரம் உணர்வின் முழு மாதிரி ஆகாது. குருவும் அம்பாளும் அந்த இடத்தை நிரப்புகிறார்கள் என்று உபாசகர்கள் பதில் சொல்லக்கூடும். ஓரளவுக்கு ஒத்துக்கொள்ளலாம்.

மேற்கத்திய வாசிப்புக்கு வருவோம், விரைவாகக் கடந்துவிடலாம். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலான் என்ற பெயரில் 1919இல் குண்டலினி பற்றிய பெருநூலை வெளியிட்டார். பின்னாளில் சென்னை கணேஷ் அண்ட் கம்பெனி அதைத் தொடர்ந்து அச்சிட்டது. 1926இல் ஹைன்ரிஷ் சிம்மர் யந்திரங்களையும் படிமங்களையும் பற்றி ஜெர்மனியில் எழுதினார். 1932இல் ஸூரிக்கில் குண்டலினி பற்றி உரையாற்றிய கார்ல் யுங், அவலான் நூலை முன்னே வைத்துக்கொண்டுதான் பேசினார். தம் நோயாளிகள் வரைந்த வட்டங்களை அவர் மண்டலங்கள் என்றார். நடுவில் இருப்பது முழுமையடைந்த ‘தான்’. இங்கிருந்துதான் யந்திரம் மனத்தின் வரைபடம் என்ற வாசகம் உலகம் முழுக்கப் போயிற்று. ஆனால் யுங்கின் நோயாளி தன் சிதறலை ஒன்றுசேர்க்க வரைகிறார். ஸ்ரீவித்யை உபாசகர் ஒவ்வொரு ஆவரணமாகக் கழற்றிக்கொண்டே உள்ளே போகிறார். ஒன்றில் நடுப்புள்ளி சேமிப்பு, மற்றதில் செலவு. இரண்டையும் ஒன்றென்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. யுங்கே ஐரோப்பியர் யோகத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எச்சரித்தவர். அவர் பெயரைச் சொல்பவர்கள் அதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

ஒற்றியூருக்குத் திரும்பினால், சக்கரம் எதற்கு என்ற கேள்வியின் பின்னணி அங்கே ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகக் கல்லில் கிடக்கிறது. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் மாண்டான். அவனுடைய நண்பனான கேரளத்து வீரன் ஒருவன், தலைவனோடு சாக முடியவில்லையே என்று கங்கையாடி, ஒற்றியூர் மடத்தில் துறவியாகி, சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு மடத் தலைவனானான். ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. அதே பட்டப்பெயரோடு பின்னால் வந்தவர் ஒருவர் முதலாம் ராஜேந்திரன் காலத்தில் இன்றிருக்கும் தூங்கானை மாட விமானத்தைக் கட்டுவித்தார். கட்டிய தச்சன் ரவி என்ற வீரசோழத் தச்சன். பிற்காலச் சோழர் காலத்தில் வாகீசுவர பண்டிதர் என்பவர் இங்கே சோமசித்தாந்தம் விரித்துரைத்தார் என்றும் கல்வெட்டு உண்டு. சோமசித்தாந்தம் காபாலிகரோடு சேர்த்துப் பேசப்படும் கொள்கை. டேவிட் லோரன்சென் 1972இல் எழுதிய ஆய்வில் ஒற்றியூர் முக்கியமான இடம் பெறுகிறது. பாணினிக்கு இலக்கணம் அருளியவர் என்று இத்தலத்து இறைவனைக் கொண்டாடி, இலக்கணம் சொல்லிக்கொடுக்கத் தனி மண்டபமும் நிலக்கொடையும் இருந்தன.

இந்தப் பின்னணியில் வட்டப்பாறையம்மன் கதையைக் கேட்க வேண்டும். பலி கேட்டு உக்கிரமாக இருந்த காளியை ஆதிசங்கரர் கிணற்றில் இறக்கி வட்டமான பாறையால் மூடினார் என்கிறார்கள். காஞ்சி காமாட்சியின் முன் ஸ்ரீசக்கரம், திருவானைக்கா அகிலாண்டேசுவரியின் காதுத் தாடங்கத்தில் ஸ்ரீசக்கரம், பாரிமுனை தம்புச்செட்டித் தெருக் காளிகாம்பாளின் முன் ஸ்ரீசக்கரம் என்று எல்லா இடத்திலும் இதே கதைதான்: உக்கிரம், சங்கரர், சக்கரம், சாந்தம். கொதிக்கும் மனத்தை ஒழுங்கு வடிவம் அடக்கியது என்று உளவியல் பேசுபவர் சொல்வார். குருதிப் பலியும் கபாலமும் இருந்த வழிபாட்டை வைதிக வழிபாடு மூடி ஆண்டது என்று வரலாறு பேசுபவர் சொல்வார். வாகீசுவர பண்டிதரின் கல்வெட்டு கண்முன் இருக்கும்போது இரண்டாமவர் பக்கமே என் சாய்வு. ஊர்க்கதையில் சக்கரத்தின் வேலை விளக்குவதும் இல்லை, காட்டுவதும் இல்லை, அடக்குவது. காளிகாம்பாள் கோயில் விசுவகர்ம சமூகத்தாரின் கோயில் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உளியும் காம்பஸும் பிடித்து, செப்புத் தகட்டில் கோடுகளைப் பிசகாமல் சந்திக்கவைக்கும் வேலை அந்தச் சமூகத்தாருடையது. உணர்வின் மாதிரி பற்றிய புத்தகங்களில் அவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

இனி, ஒற்றியூருக்குப் பக்கத்து மணலி. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் 1969இல் ஓடத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைதான் நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அது கிழக்கிந்தியக் கம்பெனி துபாஷ் குடும்பமான மணலி முதலியார்களின் ஊர். ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கிய ராமஸ்வாமி தீட்சிதரை முத்துக்கிருஷ்ண முதலியார் திருவாரூரிலிருந்து இங்கே அழைத்துவந்து ஆதரித்தார். அவருடைய மகன் முத்துஸ்வாமி தீட்சிதர் (1775–1835) இளமையைக் கழித்தது இங்கேதான். கோட்டையில் வாசித்த வெள்ளைக்காரர் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் கட்டினார். நோட்டுஸ்வரம் என்று குழந்தைகள் இன்றும் பாடுகிறார்கள். மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி பையனைப் பார்த்துப் பிடித்துப்போய்க் காசிக்குக் கூட்டிச்சென்று ஸ்ரீவித்யையில் தீட்சை கொடுத்தார். இந்தச் செய்திகள் சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியின் வழி நமக்கு வந்தவை.

தீட்சிதர் ஆரூர்க் கமலாம்பாள்மேல் பாடிய நவாவரணக் கீர்த்தனைகள் ஸ்ரீசக்கரத்தைப் பற்றி எழுதப்பட்ட எந்த உரையைவிடவும் தெளிவான விளக்கம் என்பேன். ஆனந்தபைரவியில் வெளிச் சதுரத்தில் தொடங்கி, கல்யாணி, சங்கராபரணம், காம்போதி, பைரவி, புன்னாகவராளி, சஹானா, கண்டா வழியாக ஆஹிரியில் விந்துவை அடைகின்றன. சக்கரத்தின் பெயர், யோகினியின் பெயர், முத்திரை எல்லாம் வரிகளில் இருக்கின்றன; அவை அறிந்தோருக்கு. அறியாதவருக்கும் எட்டும் ஒன்றை அவர் வைத்திருக்கிறார்: வேற்றுமை உருபு. முதல் பாட்டில் அம்பாள் எழுவாய், அவள் காக்கட்டும். இரண்டில் செயப்படுபொருள், அவளை வழிபடு. மூன்றில் அவளால் நான் பார்க்கப்பட்டேன். நான்கில் அவளுக்கு வணக்கம். ஐந்தில் அவளினும் மேல் ஒன்று இல்லை. ஆறில் நான் அவளுடைய அடியான். ஏழில் அவளிடத்தில் பக்தி. எட்டில் நேரடியாக விளி.

ஒவ்வொரு ஆவரணத்திலும் ‘நான்’ நிற்கும் இடம் மாறுகிறது என்பதை இதைவிட எளிதாக எப்படிக் காட்டுவது? மூன்றாம் பாட்டில் நான் பார்ப்பவனாக இருப்பது நின்று, பார்க்கப்படுபவனாகிறேன். அறிபவன், அறியப்படுவது என்ற இருமை குலைகிற இடம் அது. பாவனோபநிஷத் தத்துவமாகச் சொன்னதை தீட்சிதர் இலக்கணமாகச் சொல்கிறார். அதோடு, பாட்டு காலத்தில் நடப்பது. ஐந்தாம் ஆவரணத்தை முதலில் பாடிவிட்டு வெளிச் சதுரத்துக்கு வரலாம்தான். பாட்டு கெடாது, பயணம் கெட்டுவிடும். நவராத்திரியில் நாளுக்கு ஒரு கீர்த்தனையாகப் பாடுகிறவர்கள் இதை அறிவார்கள். ஒற்றியூர்க்காரரான வீணை குப்பையர், தம் குரு தியாகராஜரை ஊருக்கு அழைத்துவந்தபோது வடிவுடையம்மனாகிய திரிபுரசுந்தரிமேல் ஐந்து கீர்த்தனைகள் பிறந்தன. அவற்றில் சக்கரமும் இல்லை, யோகினியும் இல்லை. ஒரு பிள்ளை தாயிடம் பேசுகிறது. பாவனோபநிஷத்தில் இல்லாத இன்னொரு ஆள் அங்கே வந்துவிடுகிறார். என் ரசனை தீட்சிதர் பக்கம்; என் குறை தீர்வது தியாகராஜர் பக்கம்.

தமிழில் இந்தத் துறைக்கு மூலநூல் திருமந்திரத்தின் நான்காம் தந்திரம். திருவம்பலச் சக்கரம், திரிபுரை சக்கரம், ஏரொளிச் சக்கரம், சாம்பவி மண்டலச் சக்கரம், புவனாபதி சக்கரம், நவாக்கரி சக்கரம் என்று அடுக்கடுக்காக வரும். திருமூலர் சக்கரங்களில் கோட்டுக்குச் சமமாக எழுத்தும் உண்டு. கட்டம் போட்டு, எழுத்தை அடைத்து, எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்துக்குப் போவது என்று சொல்வார். மறுபடியும் வரிசைதான். உடம்பைக் கோயில் என்று கொள்ளும் இந்த மரபுக்கு நேர் எதிராக, உடம்பை ஓட்டைப் பை என்று இகழ்ந்த பட்டினத்தார் அடங்கியதும் ஒற்றியூர்க் கடற்கரையில். ஒரே ஊருக்குள் இரு தரப்பும் வழிபாடு பெறுகின்றன. யாரும் முரண்பாடு என்று நினைப்பதாகத் தெரியவில்லை.

வள்ளலார் (1823–1874) இந்தக் கதையின் கடைசி ஆள். இளமையில் ஏழுகிணறு வீராசாமித் தெருவிலிருந்து ஒற்றியூருக்கு நடந்தே போய் வந்தவர். வடிவுடை மாணிக்கமாலை பாடியவர். 1858இல் சென்னையை விட்டுப் போனார். 1872இல் வடலூரில் எண்கோணமாகச் சத்திய ஞான சபையைக் கட்டினார். அந்தக் கட்டடம் மனிதருக்குள் இருக்கும் சபையின் வெளி விளக்கம் என்பது அவருடைய கொள்கை. உள்ளே ஜோதி, அதன் முன் ஏழு திரைகள். கறுப்பு மாயா சக்தி, நீலம் கிரியா சக்தி, பச்சை பரா சக்தி, சிவப்பு இச்சா சக்தி, பொன் ஞான சக்தி, வெள்ளை ஆதி சக்தி, கலப்பு வண்ணம் சிற்சக்தி. முக்கோணங்களை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. தீட்சை, சாதி, யோகினிப் பெயர் எதுவும் வேண்டாம். திரை விலகுவதை யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். ஆனால் அதுவும் வரிசை. அதிலும் அதே மூன்று சக்திகள்.

அந்த மூன்றின் ஒழுங்கைச் சரிபார்த்தால் ஒரு கருத்து வேறுபாடு தட்டுப்படுகிறது. பௌர்ணமி வெள்ளியில் கோயில் சுற்றும் பெண்களின் வரிசை இச்சை, ஞானம், கிரியை. இது படைப்பின் வரிசை, வெளியே வரும் வரிசை. விருப்பம்தான் முதல், எதை விரும்புகிறோமோ அதைத்தான் காண்கிறோம், கண்டதைத்தான் செய்கிறோம். கவனத்தைத் தேவை வழிநடத்துகிறது என்று இன்றைய உளவியல் காட்டுவதற்கு இது நெருக்கமானது. புலன் முதலில் அறிந்து, பிறகு மனம் விரும்பி, பிறகு கை செய்கிறது என்று பள்ளிக்கூடத்தில் கற்ற வரிசைக்கு மாறானது. சைவ சித்தாந்தம் இதே மூன்றை இன்னொரு விதமாக எழுப்புகிறது. ஆணவத்தில் மூடிக்கிடக்கும் உயிருக்குக் கலை என்ற தத்துவம் முதலில் கிரியையை விளக்கும், பின்பு வித்தை அறிவை விளக்கும், அதன் பின் அராகம் இச்சையை எழுப்பும். ஸ்ரீவித்யையின் வரிசையைத் தலைகீழாக்கி, உள்ளே போகும் வழியாகப் படித்தால், செயல் முதலில் விழும், அடுத்து அறிவு விழும், இச்சை கடைசிவரை நிற்கும். அதனால்தான் அங்கே அம்பாள் காமேசுவரி; விருப்பமே பிரபஞ்சத்தின் வேர்.

வள்ளலாரின் திரைகள் இந்த இரண்டுக்கும் உடன்படவில்லை. வெளியிலிருந்து போனால் நீலத்தில் கிரியை விலகுகிறது, சிவப்பில் இச்சை விலகுகிறது, அதற்கு அப்பால் பொன்னில் ஞானம் இருக்கிறது. இச்சைக்குப் பின்னால் அறிவு நிற்கிறது என்கிறார் அவர். வேருக்குப் பக்கத்தில் இருப்பது விருப்பமா, அறிவா என்ற இந்த வழக்கு, ஸ்ரீசக்கரத்தை மாதிரியாக எடுத்துக்கொள்ளும் யாரும் தீர்க்க வேண்டியது. மூளைப் படத்தின் மேல் முக்கோணம் ஒட்டுகிறவர்கள் அதைக் கேட்பதே இல்லை. பாவனோபநிஷத்தில் இச்சையை எட்டுக் கோணத்தில், குளிரோடும் வெப்பத்தோடும் சேர்த்து வைத்துவிட்டு, அறிதலையே பூஜையாக்குகிற இடத்தை நினைத்தால், பாஸ்கரராயரே இந்த ஒரு விஷயத்தில் வள்ளலாருக்குக் கொஞ்சம் இடம் கொடுத்திருப்பார் என்று தோன்றுகிறது. தீட்சிதர் கொடுத்திருக்க மாட்டார்.